முகம் பார்த்து விடும் சொட்டு

பராமரிப்பு இல்லங்களில் எல்லோருக்கும் வலிக்குக் கஞ்சாச் சொட்டு உண்டு என்றான பிறகு, முகத்தில் வலி தெரிந்தால் மருந்தை விடும் கருவி ஒன்று கட்டிலுக்குக் கட்டில் வந்துவிட்டது.

ரெக்ஸ்லின் உள்ளே வந்ததும் அவளுடைய அப்பா தஸ்நேவிஸ் முகமெல்லாம் சிரித்தார்.

"வாம்மா. சாப்ட்டியா?"

புற்று எலும்பு வரை போயிருந்தது. போர்வைக்குள் கால்கள் நடுங்கின. கருவியோ வலியில்லை என்று பச்சை விளக்கைக் காட்டியது.

"சிரிக்காதீங்கப்பா. அது மருந்து தராது."

"எனக்கென்னம்மா, நல்லாத்தான இருக்கேன்."

"ஒரு தடவ அழுதிருங்கப்பா."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். "நேத்துப் பூரா ஒழுங்கா மருந்து எறங்குச்சுக்கா. நீங்க வந்தாத்தான் இப்படி."

அடுத்த ஞாயிறு ரெக்ஸ்லின் அவருக்குப் பிடித்த முந்திரி இனிப்பான மக்ரூனை நர்ஸிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியிலேயே ஒதுங்கி நின்றாள்.

மக்ரூனைக் கையில் வாங்கிய தஸ்நேவிஸ் வாசலைப் பார்த்தார்.

"எம்மவ வரலையா?"

அவர் முகத்தைப் பார்த்துக் கருவி ஒரு சொட்டு விட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் விட்டது.