பொழுது சாயாத நோன்பு

"நடிப்பு! சுத்த நடிப்பு!" எலக்ட்ரீஷியன் ஜெபசீலனுக்குப் பொறுக்கவில்லை.

பின்னே? வெள்ளைக்காரப் பணக்காரர்களுக்கு வடதுருவத்துப் பனியைக் காட்டக் கிளம்பிய கப்பல் அது. 1978 ஆகஸ்ட் மாதம். அந்தக் கடலில் ராத்திரியே கிடையாது. நடுச்சாமத்திலும் சூரியன் ஜம்மென்று நிற்கிறது. இதில் சமையல்காரர் கௌஸ் முகைதீனுக்கு இன்று நோன்பாம்!

இருவரும் துபாய் சத்வாவில் ஒரே ரூமில் கிடந்தவர்கள். ஒரே ஏஜென்ட் ஏற்றிவிட்டான். இங்கேயும் ஒரே கேபின்.

"பொழுதே சாயாத இடத்துல எப்ப பாய் நோன்பு திறப்பீங்க?" என்று காலையிலேயே கேட்டான்.

"அதுக்கெல்லாம் வழி இருக்கு தம்பி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பில்தான் சந்தேகம் முளைத்தது.

நோன்பாளி முன்னால் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது துபாயில் ஊறிப்போன பழக்கம். அதனால் காபி என்றால், "வேண்டாம் பாய்." சாப்பாடு என்றால், "பசியில்லை பாய்." அவர் தலை மறைந்ததும் புகைபோக்கிக்குப் பின்னால், விரல் விறைக்கிற குளிரில், கோட் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து மொக்குவான்.

நாலு மணிக்கு அப்படி மொக்கும்போதுதான் பார்த்தான். கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி லைஃப்போட் மறைவுக்குப் போனார் பாய். பிளாஸ்க் வெளியே வந்தது. பேரீச்சம்பழம் ஒன்று வாய்க்குள் போனது. வெயிலோ பளீரென்று அடிக்கிறது!

அடப்பாவி மனுஷா! உனக்காகவா நான் குளிரில் செத்துக்கொண்டிருக்கிறேன்?

பாய்ந்து போய் நின்றான்.

"இதான் உங்க நோன்பா? தொழுகை நடத்துறவர்னு உங்களை நம்பித்தானே கப்பல்ல மத்தவங்க பின்னால நின்னு தொழறாங்க? மெஸ்ல எல்லார்கிட்டயும் சொல்றேன், இருங்க!"

அவர் பதறவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஏழு தாண்டியிருந்தது.

"இது துபாய் நேரம் தம்பி. பொழுது சாயாத இடத்துல, கிளம்பி வந்த ஊர் நேரத்தை வச்சுக்கன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லித்தான் அனுப்பினாரு. சத்வாவுல பாங்கு சொல்லியாச்சு."

"அப்புறம் ஏன் ஒளிச்சு எடுத்துட்டு வரணும்? யாரைச் சுத்திச் சுத்திப் பார்த்தீங்க?"

"இந்தக் காத்துல கஞ்சி ஆறிடும்ல, அதான் கோட்டுக்குள்ள, அதான் இந்த மறைவு. தேடினது உன்னைத்தான்."

இரண்டு கப்பில் கஞ்சி ஊற்றி, ஒன்றை அவன் கையில் திணித்தார்.

"காலையிலேருந்து பார்க்கிறேன். எனக்காக நீயும் பச்சைத்தண்ணி பல்லுல படாம கிடக்கே. முதல்ல நீ குடி, அப்புறம்தான் எனக்கு இறங்கும்."

ஜெபசீலன் அவசர அவசரமாக மீசையிலிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டான்.