வரவேற்புக்கு ஒரு மைதானம்

"கல்யாண வரவேற்புக்கா? தாராளமா எடுத்துக்குங்க மேடம்!" என்ற நகர விளையாட்டு அரங்கத்தின் மேலாளர், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் விண்ணப்பத்தில் அப்போதே முத்திரை குத்தினார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கே வேணும் சார்."

"வாங்க, வாங்க. போன வாரம் நகைக் கண்காட்சி, அதுக்கு முந்தி கட்சி மாநாடு. எல்லாருக்கும் பரம திருப்தி. நீளம் தாண்டுற மணல் குழியில அடுப்பு வச்சுக்கலாம், ரொம்ப வசதி."

"ஓடுதளம்?"

"கார் நிறுத்துறதுக்குன்னே அளவெடுத்த மாதிரி எட்டு வரிசை கிடக்கு!"

"அன்னைக்கு அங்க கார் வேண்டாம் சார். எங்க பொண்ணுங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்."

"ஓ, டான்ஸா? ஜமாய்ங்க!"

ஞாயிறு காலை மேலாளர் வந்து பார்த்தபோது மேடையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. எட்டுப் பெண்கள் அரைக்கால் சட்டையோடு ஓடுதளத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். அம்மாளின் கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச்.

"என்ன மேடம் இது? கல்யாணப் பொண்ணு எங்க?"

"யாருக்கும் கல்யாணம் இல்ல சார். நான் இவங்க கோச். அடுத்த வாரம் மாநிலப் போட்டி. ஓட்டப் பயிற்சிக்குன்னு நாலு தடவை தபால்ல மனு அனுப்பினேன். நாலு தடவையும் 'இடம் காலியில்லை'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்புனீங்க."

மேலாளர் செல்போனை எடுத்துக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டார்.

"சார், உடனே ஆள் அனுப்புங்க! ஸ்டேடியத்துக்குள்ள புகுந்து விளையாடுறாங்க!"