வாத்துக் கணக்கு

நோட்டு அவள் மடியில் திறந்திருந்தது. பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை.

எதிரே குளம். கரை நெடுக வரித்தலை வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. இமயத்தைத் தாண்டி வந்த அலுப்பு கொஞ்சமும் தெரியவில்லை.

பதினோரு வருடமாகத் தை பிறந்தால் பறவைக் கணக்கெடுப்புக்கு இங்கேதான். கணவர் பைனாகுலரில் பார்த்து எண்ணுவார். அவள் எழுதுவாள்.

ஐப்பசியில் அவர் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்றோடு அவள் பேச்சும் நின்றது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு சொல் வரவில்லை.

இப்படியே விட்டால் அக்காளும் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தம்பி சங்கரபாண்டிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்று விடிந்ததும் விடியாததுமாக வந்து, பைக்கில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டான்.

அவனுக்கு வாத்தும் தெரியாது, கொக்கும் தெரியாது. அவர் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பி, சத்தமாக எண்ணத் தொடங்கினான்.

அவள் எழுதவில்லை.

வெயில் மெல்ல ஏறியது. ஈரக் காற்று முகத்தில் பட்டது. மூன்று மாதமாக அடைத்த அறையில் கிடந்த உடம்பு, அவளைக் கேட்காமலே ஆழ மூச்சு இழுத்தது.

அவன் எண்ணிக்கை தொண்ணூற்றாறைத் தொட்டபோது ஒரு பருந்து தாழ வந்தது. கூட்டம் மொத்தமும் எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் இறங்கியது.

அவன் விடவில்லை. "தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு..."

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"லே, அது செல்லாது. எந்திரிச்சு எடம் மாறிட்டுன்னா திரும்ப மொதல்ல இருந்துதான் எண்ணணும்."

குரல் கரகரத்து வந்தது. அவளே திடுக்கிட்டாள்.

தம்பி திரும்பவில்லை. பைனாகுலரை மட்டும் பின்னால் நீட்டினான்.

"எனக்கு வராதுக்கா. நீயே எண்ணு. நான் எழுதுதேன்."

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கண்ணில் வைத்ததில்லை. வைத்தாள்.

எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய அவர் திருகி வைத்திருந்த அளவு. இவ்வளவு நேரமும் தம்பி இந்த மங்கலில்தான் எண்ணியிருக்கிறான். திருகத் தெரியவில்லையோ, மனம் வரவில்லையோ.

திருகினால் அவர் வைத்தது போய்விடும். திரும்ப வைக்க யாருக்கும் தெரியாது.

அவள் விரல் வெகுநேரம் அந்தத் திருகின் மேலேயே இருந்தது.

பிறகு திருகினாள்.

ஒரு வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்பு வரிகள் துலங்கின.

"ஒண்ணு," என்றாள்.