பிள்ளைத்தாய்ச்சிக்கு ஓர் அண்ணன்

கண்ணாடித் தொட்டிக்குள் எலியை இறக்கிவிட்டு வீட்டுக்காரர் போய்விட்டார். உள்ளே இருந்த பாம்பு பிள்ளைத்தாய்ச்சி. சூடு தரும் விளக்கடியில் சுருண்டு கிடந்தவள், எலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பயந்துட்டா!" என்று நெஞ்சை நிமிர்த்தியது எலி. மறுநாளே அவளுக்கு அண்ணனாகிவிட்டது. அவள் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து குளிர்காய்ந்தது.

தண்ணீர் மாற்ற வந்த வீட்டுக்காரர் மூடியைச் சாத்த மறந்தார்.

"ஓடிப்போயிடு! வயிறு முழுக்க முட்டை, அதான் அவளுக்கு இரை இறங்கல," என்றது விளக்கு.

"பிள்ளைத்தாய்ச்சியை விட்டுட்டு எந்த அண்ணன் போவான்?" என்றது எலி. அதற்குள் வீட்டுக்காரர் திரும்பி வந்து மூடியைச் சாத்திவிட்டார்.

ஒருநாள் காலையில் பாம்பு முட்டையிட்டாள். வீட்டுக்காரர் முட்டைகளைப் பதமாக எடுத்துப் போனார். தோல் தொங்க, துவண்டு கிடந்தவளைப் பார்க்க எலிக்கு மனசு கேட்கவில்லை. முகத்தருகே போய் அதட்டியது:

"எத்தனை நாள் பட்டினி! உடம்பு தேற வேண்டாமா? அண்ணன் சொல்றேன், ஏதாவது சாப்பிடும்மா."

பாம்பு தலையைத் தூக்கி எலியை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதாண்ணே."