முள்ளின் உயரம்

இந்தக் கண்ணுக்கு இதுவும் போதாது என்று டோரீன் நினைத்துக்கொண்டாள். விரல் நுனியில் பிடித்திருந்த இரும்புத் துண்டை ஜன்னலுக்கு நேராகக் கை நீட்டிப் பார்த்தாள். வெளியே நின்ற ஸ்ப்ரூஸ் மரங்களின் இருட்டில் அந்தக் கறுப்புத் தகடு கரைந்துபோயிற்று.

"வேற இருக்கா, வீப்?"

துப்பாக்கி பழுதுபார்க்கும் வீப் அலுத்துக்கொள்ளாமல் இன்னொரு இழுப்பறையைத் திறந்தார். பழைய துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய குறி முட்கள் அதில் குவிந்து கிடந்தன. குழலின் நுனியில் நிற்கும் அந்த முள்ளை இலக்கின்மேல் நிறுத்தித்தான் சுட வேண்டும். முள் தெரியாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி.

மேஜையில் கிடந்த துப்பாக்கி ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தது. கல்யாணமான புதிதில் லார்ன் அதை மலிவாக வாங்கி, மரத்தை இழைத்து, குழலைக் குறைத்து, வேட்டைக்கு ஏற்றபடி மாற்றினான். அதற்குப் பிறகு எந்தக் குளிர்காலத்திலும் அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் மூஸ் என்ற பெரிய காட்டு மானின் கறி இல்லாமல் இருந்ததில்லை. 'ஒரே குண்டு லார்ன்' என்று பள்ளத்தாக்கில் அவனுக்குப் பேர். காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி பின்னால் போவாள் என்றும் சொல்வார்கள்.

இந்த வருஷம் லார்னின் இரண்டு கண்ணிலும் திரை விழுந்துவிட்டது. கடைக்கு வெளியே, வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் இறங்கும்போது, "இன்னைக்குச் சொல்லிடு, டோரீன். எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல" என்று மட்டும் சொன்னான். அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

லார்னின் தம்பி கிளேட்டன் அவளுக்கு முன்பே கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தான். எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் குனிந்து துப்பாக்கியின் நுனியைப் பார்த்தான். "என்ன அண்ணி, இதுல நகப்பூச்சு அடிச்சிருக்கீங்க?"

"வெள்ளையா இருந்தா தெரியும்னு பார்த்தேன். மழையில உரிஞ்சு போச்சு."

"உங்க நகத்துக்கே நீங்க பூசி நான் பார்த்ததில்ல. துப்பாக்கிக்குச் சிங்காரமா?" சிரித்தான். "அண்ணனுக்கு இனிமே முள்ளு இல்ல, கடப்பாறைய நட்டு வச்சாலும் தெரியாது. எங்கிட்ட குடுத்துடுங்க. மேல துளை போட்டு, குறி பார்க்கற கண்ணாடி ஸ்கோப் மாட்டிக்கறேன். கறியில பாதி உங்க வீட்டுக்கு வந்துடும்."

"துளை போடக் கூடாது" என்றாள்.

பாதிக் கறி. பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து வைப்பான். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மறந்தானானால் அடுத்த வருஷம் ஞாபகப்படுத்த வேண்டும். ஊர் என்ன பேசினாலும் சிரித்துவிட்டுப் போகிறவள்தான் டோரீன். பேச்சு அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போனதில்லை. இன்று சிரிப்பு வரவில்லை.

கிளேட்டன் வீப் பக்கம் திரும்பினான். "கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டாலே அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கும். அது எப்படித்தான் அத்தனை மூஸைச் சாய்ச்சுதோ."

"எல்லாம் பழக்கம்தான்" என்றார் வீப்.

இழுப்பறையின் அடியில், துணியில் சுற்றி ஒன்று கிடைத்தது. அதன் தலையில் கடுகைவிடச் சற்றே பெரிய வெள்ளை மணி. டோரீன் கை நீட்டிப் பிடித்தாள். மரங்களின் கறுப்பின் நடுவே மணி மட்டும் தனியாக நின்றது. மார்புக்குள் ஏதோ ஒன்று இடம் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இது."

வீப் முள்ளைத் திருப்பிப் பார்த்தார். "உயரம் ஜாஸ்தியா இருக்கே. குண்டு தாழப் போகும்."

"உயரமா இருந்தா அரத்தால ராவிக்கலாம். குட்டையா இருந்தா என்ன செய்யறது?"

வீப் அவளை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பழைய முள்ளைத் தட்டி எடுத்துவிட்டு, குழல் நுனியில் வெட்டியிருந்த காடியில் புதியதைச் செருகி இறுக்கினார்.

"பின்னால திடல்ல வச்சுச் சுட்டுப் பார்க்கணும், கொஞ்சம் ராவணும், மறுபடி சுட்டுப் பார்க்கணும். யாரு சுடப் போறாங்களோ அவங்க கண்ணுக்குத்தான் ராவ முடியும். ஒருத்தருக்கு ராவினது இன்னொருத்தருக்கு ஒத்து வராது."

"அப்ப எனக்கே ராவிடுங்க" என்று கிளேட்டன் எழுந்தான். துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தான். கை மடங்கிக்கொண்டது; கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

"சே. பின்கட்டைய எவ்வளவு குட்டையா வெட்டி வச்சிருக்கு பாருங்க. ஆறடிக்கு மேல வளர்ந்து என்ன, அளந்து வெட்டத் தெரியல அண்ணனுக்கு."

"அதை நீட்டிக்கலாம்" என்ற வீப், மெல்லிய அரம் ஒன்றைத் தேடி எடுத்தார். "யாரு கண்ணுக்கு ராவணும்னு முடிவா சொல்லிடுங்க."

"எனக்குத்தான். அண்ணி, நீங்க போய் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அது தட்டாது."

டோரீன் ஜன்னல் வழியே பார்த்தாள். லார்ன் வண்டிக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு, எதுவும் தெரியாத கண்களோடு கடைப் பக்கமே முகத்தை வைத்திருந்தான்.

அவள் கிளேட்டனின் கையிலிருந்து துப்பாக்கியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"மாட்டேன், கிளேட்டன்."

பின்கதவைத் திறந்து, திடலுக்கு இறங்கும் படியில் நின்று, வீப்பிடம் சொன்னாள்.

"லார்ன் இந்தக் கட்டைய வெட்டினது என் கைக்கு. இத்தனை வருஷமும் சுட்டது நான்தான். முள்ளையும் என் கண்ணுக்கே ராவுங்க."