வெடி டாக்டர் வரும் நேரம்

வெடி டாக்டரின் குரல் வார்டு வாசலில் கேட்டதும், அவள் ஸ்டூலை விட்டு எழுந்து கணவனின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

வேண்டுமென்றேதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கூட இருப்பவர்கள் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டால் அந்த டாக்டருக்குப் பொறுக்காது. நேற்று அவள் ஓரமாக ஒரு கையை ஊன்றியதற்கே, "இது ஆஸ்பத்திரியா, உங்க மாமியார் வீடா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். மாமியார் வீட்டில் அவள் ஒரு நாளும் அப்படிச் சாவகாசமாகச் சாய்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, வாயாடி அக்கா, விழுந்து விழுந்து சிரித்தாள். "திட்டு வாங்கிட்டல்ல, நிம்மதியா இரு. உள்ள எல்லாம் நல்லா இருந்தாத்தான் அந்த ஆளுக்குத் திட்டவே வாய் வரும்."

சும்மா சொல்லவில்லை. அந்த அக்காவின் புருஷனைத் தினமும் கிழி கிழியென்று கிழித்தார். இதோ, மனுஷன் தலை வாரிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். கடைசிக் கட்டில் பெரியவரிடம் மட்டும் டாக்டர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நேற்று மாலை அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார்கள்.

இவள் கணவனுக்குப் பஞ்சர் கடை. குடலில் அழுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னதும், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவன் கேட்ட முதல் கேள்வி, "காத்தடிச்சு தண்ணில முக்கிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு, வாயை மூடிட்டுப் படுய்யா!" அன்றைக்கும் வெடிதான். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

இவளிடம் மட்டும் டாக்டர் தனியாக விளக்கிச் சொன்னார். நூல் கொஞ்ச நாளைக்குப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்புறம் சதையைச் சதை பிடிக்க வேண்டும். அதற்கு வெட்டிய விளிம்பு வரைக்கும் ரத்தம் ஓட வேண்டும். ஓடினால் ஒட்டும். ஓடாவிட்டால் விளிம்பு கறுத்துத் தையல் விட்டுப்போகும். குடலில் இருக்கிற கழிவெல்லாம் வயிற்றுக்குள் பரவும்.

ரத்தம் ஓட நான் என்ன செய்யணும் என்று கேட்டாள். நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, நானும்தான் என்றார்.

அதுதான் அவளைக் கொன்றது. காய்ச்சலென்றால் ஈரத்துணி, சுளுக்கென்றால் எண்ணெய் என்று இந்த மனுஷனுக்கு எது வந்தாலும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட அனுமதியில்லை. போர்வைக்கு மேலே அந்தப் பாழாய்ப்போன வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ரத்தம் ஓடுகிறதா இல்லையா, யாரைப் போய்க் கேட்பது?

விடிந்ததிலிருந்து எதுவும் சரியில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. வயிறு கல்லாய் இறுகிக் கிடந்தது. இடுப்போரம் வைத்திருந்த குழாயில் நேற்றுவரை வெளிர்சிவப்பாக வந்த நீர் இன்று கலங்கி, நாற்றத்தோடு வந்தது. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டுப் போன் பண்ணப் போனாள். பேசிப் பேசியே ஊரைச் சிரிக்க வைக்கிறவன், கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான்.

அதனால்தான் கட்டிலில் ஏறினாள். போதாதென்று துணிப்பையையும் தூக்கி விரிப்பின் மேல் வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் இத்தனை நாளில் செய்வதற்கு ஒன்று கிடைத்ததே!

டாக்டர் வழியில் இருந்த கட்டில்களையெல்லாம் தாண்டி நேராக இங்கே வந்தார். வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் கணவன் முனகினான். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தியேட்டரைத் தயார் பண்ணுங்கள் என்று நர்சிடம் மெதுவாகச் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடிப்பதை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திட்டு. திட்டித் தொலையேன். அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"காலைல ஏதாவது சாப்டீங்களாம்மா?"

"நான் கட்டில் மேல உக்காந்திருக்கேன் சார்" என்றாள். "செருப்போட. பாருங்க சார்."

அவர் பார்த்தார். அவள் காலை, பையை, அவனை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பரவால்லம்மா. உக்காருங்க."