தண்ணீர் துப்பாத படகு

"தண்ணி வருதா?"

"வரலை அத்தான்."

"நல்லா எட்டிப் பாருடா!"

"இதுக்கு மேல எட்டினா நான்தான் தண்ணிக்குள்ள போவேன். புகை மட்டும் வருது. தண்ணி ஒரு சொட்டுகூட இல்லை."

செயலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் கடல். ஆனால் படகின் பின்பக்கக் குழாயில் வர வேண்டிய தண்ணீர் மட்டும் வரவில்லை. கடல்நீரை உறிஞ்சி, டீசல் இன்ஜினைக் குளிர வைத்து, புகையோடு சேர்த்து வெளியே துப்ப வேண்டிய குழாய் அது.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் எச்சரிக்கை மணி ஓலமிட்டது. இன்ஜினை நிறுத்தி, அவசர அவசரமாக நங்கூரத்தைப் போட்டார்கள்.

படகுச் சங்கத்துக்கு அன்று தலைவர் தேர்தல். வேட்பாளர்கள் தங்கள் சொந்தப் படகைத் தாங்களே ஓட்டிவந்து சங்கத்துத் துறையில் இறங்கி ஓட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. நாலு மணிக்குள் வந்து சேராதவர் பெயரை அடித்துவிடுவார்கள்.

மூன்று முறை செயலாளராக இருந்து, மாலை போடுகிறவராகவே காலம் தள்ளியவர் அவர். ஒரு தடவையாவது மாலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. 'தலைவர்' என்று போட்டு விசிட்டிங் கார்டுகூட அடித்தாகிவிட்டது.

சங்கக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் இங்கிருந்தே தெரிந்தது. பேச்சை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று தாள்களை வெளியே எடுத்தார். காற்று முதல் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராகச் சங்கத்தை நோக்கிப் பறந்தது.

"உங்க பேச்சு உங்களுக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துடும் போல" என்றாள் மனைவி, பறக்கும் புடவையை இழுத்துச் செருகியபடி.

செயலாளர் அவளை முறைத்துவிட்டு மச்சினனிடம் திரும்பினார். அவன் பிரிட்ஜ் மெக்கானிக். ஊரார் வீட்டு பிரிட்ஜையெல்லாம் குளிர வைக்கிறவனுக்கு ஒரு இன்ஜினைக் குளிர வைப்பதா கஷ்டம் என்று நம்பித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார்.

மச்சினன் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தான். "தண்ணி உள்ள வர்ற வால்வு திறந்துதான் இருக்கு. வடிகட்டியைப் பார்க்கறேன்."

வடிகட்டியில் ஒரு கைப்பிடி பாசியும் பாதி பிளாஸ்டிக் பையும் இருந்தன. செயலாளர் முகத்தில் களை வந்துவிட்டது. சுத்தம் செய்து மாட்டி, இன்ஜினைக் கிளப்பினார்கள்.

"வருதா?"

"புகை."

மறுபடி நிறுத்தினார்கள். மச்சினன் பம்பின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தை நெம்பி எடுத்தான். தண்ணீரைத் தள்ள வேண்டிய இதழ்களில் ரெண்டுதான் மிச்சம்.

"மத்ததெல்லாம் பிஞ்சு குழாய்க்குள்ள போயிருக்கும். அதைக்கூட நோண்டி எடுத்துடலாம். மாத்திப் போட வேற சக்கரம் வெச்சிருக்கீங்களா அத்தான்?"

"என்னடா கேள்வி இது? மாத்துச் சக்கரம் இல்லாம யாரும் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சங்கத்துல சுற்றறிக்கை விட்டதே நான்தான்!"

"நல்லதாப் போச்சு. எடுங்க."

"சுற்றறிக்கைதான் இருக்கு."

பாவம், செயலாளருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"போன் போட்டா சங்கத்துலேர்ந்து வந்து கயிறு கட்டி இழுத்துட்டுப் போவாங்களே" என்றாள் மனைவி.

"கட்டி இழுத்துட்டுப் போனா அது நானே ஓட்டி வந்ததாகுமா? எனக்கு எதிரா நிக்கறானே, அவன் அந்தக் கயித்தைப் போட்டோ எடுத்துக் காட்டியே ஜெயிச்சுடுவான்."

பேச்செடுத்ததும் ஆளே வந்துவிட்டார். கூப்பிடு தூரத்தில் எதிர்வேட்பாளரின் படகு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. "என்ன செயலாளரே, ஏதாவது உதவி வேணுமா?" என்று கையை ஆட்டினார் அவர்.

செயலாளர் கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஒண்ணுமில்லை, சும்மா காத்து வாங்கறோம்! நீங்க முன்னால போங்க!"

அந்தப் படகு தாண்டியதும் சிரிப்பு அணைந்தது. "ராஸ்கல். அவன் இன்ஜின் மட்டும் எப்படித்தான் கெட்டுப்போகாம இருக்கோ!"

மனைவி, போகிற படகையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தித் தங்கள் படகை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, இதுவும் பாய்மரப் படகுதானே?"

"அதுக்கென்ன இப்போ?"

"காத்து அந்தப் பக்கமாத்தானே அடிக்குது. அவரை மாதிரி நீங்களும் பாயை ஏத்திக்கிட்டுப் போயிடலாமே?"

மச்சினன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தான். அத்தான், காது கேட்கும் தூரத்தில் வேறு படகு எதுவும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாய் கட்டி ஓட்டத் தெரிஞ்சிருந்தா நான் செயலாளராகாம வெறும் மெம்பராவே இருந்திருப்பேனே!"